ஹூண்டாய் வண்டி வாங்கலாமா? அடிக்கடி வரும் கேள்விகளும் என் பதில்களும்

சொந்தத்தில் யார் கார் வாங்கக் கிளம்பினாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். நான் மெக்கானிக் இல்லை, வண்டிப் பைத்தியம், அவ்வளவுதான். முதலில் ஒரு பழைய சான்ட்ரோ வைத்திருந்தேன், இப்போது ஐ20. அதனால் ஹூண்டாய் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன் என்று மைத்துனர் சொல்லிக்கொண்டிருக்கிறார், அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஒரே கேள்விக்குப் பத்து முறை பதில் சொல்லி வாய் வலிக்கிறது. இனி யார் கேட்டாலும் இதையே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்து எழுதியது இது.

முதலில், அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?

கொரிய மொழியில் 'இக்காலம்', 'நவீனம்' என்று பொருள். அவர்கள் சொல்லும்போது ஏறக்குறைய 'ஹ்யொந்தே' என்று காதில் விழும். நம் ஊரில் ஹுண்டாய், ஹூண்டாய் இரண்டும் உண்டு, எங்கள் பெரியப்பா 'உண்டாய்' என்பார். ஷோரூமில் எப்படிச் சொன்னாலும் வண்டி தருவார்கள்.

யார் ஆரம்பித்த கம்பெனி?

சங் ஜு-யங். 1915இல் இன்றைய வட கொரியாவில் இருக்கும் ஒரு கிராமத்தில் ஏழை விவசாயி வீட்டில் பிறந்தவர். விவசாயம் வேண்டாம் என்று பல முறை வீட்டை விட்டு ஓடி, ஒவ்வொரு முறையும் அப்பா தேடிப் பிடித்துக் கூட்டிவந்திருக்கிறார். ஒரு முறை ஓடியது அப்பா மாடு விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு. கடைசியில் சியோலில் அரிசிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அந்தக் கடையையே தன் கைக்குக் கொண்டுவந்து, ஜப்பானியர் ஆட்சியில் அரிசி ரேஷனுக்குப் போனதும் அதையும் மூடிவிட்டு 1940இல் கார் ரிப்பேர் பட்டறை ஒன்றை வாங்கினார். கொஞ்ச நாளிலேயே அது தீப்பிடித்து எரிந்து போயிற்று. கடன் வாங்கி இன்னொன்று திறந்தார்.

1947இல் கட்டுமானக் கம்பெனி, 1967 கடைசியில் ஹூண்டாய் மோட்டார், 1970களில் உல்சானில் கப்பல் கட்டும் தளம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவர் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது மாடுதான். 1998இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, எல்லையைக் கடந்து வட கொரியாவுக்கு லாரி லாரியாக மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார். இரண்டு தடவையாக மொத்தம் 1,001. அன்று எடுத்துக்கொண்டு ஓடிய ஒரு மாட்டின் கடனுக்கு ஆயிரம் மாடு வட்டி என்று கணக்குப் பார்க்கலாம். 2001இல் காலமானார்.

கார் செய்யத் தெரியாமலே கார் கம்பெனி ஆரம்பித்தார்கள் என்கிறார்களே, நிஜமா?

கிட்டத்தட்ட நிஜம். 1968இல் உல்சானில் அவர்கள் செய்த முதல் வண்டி ஃபோர்டின் கார்ட்டினா. பாகங்கள் வெளியிலிருந்து வரும், இவர்கள் பூட்டி விற்பார்கள். அன்றைய கொரிய மண் ரோட்டில் அது படாத பாடுபட்டது. அப்புறம் ஃபோர்டோடு கூட்டு சரிவரவில்லை. இங்கேதான் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார்கள்: சொந்தப் பெயரில் சொந்த மாடல்.

தெரியாததை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். பிரிட்டிஷ் லேலண்டில் பெரிய பொறுப்பில் இருந்த ஜார்ஜ் டர்ன்புல்லை வேலைக்கு எடுத்தார்கள். உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் ஜார்ஜெட்டோ ஜுஜியாரோ. இன்ஜினும் கியர் பாக்ஸும் மிட்சுபிஷியிடமிருந்து. 1974 டூரின் கண்காட்சியில் காட்டிய போனி கார் 1976இல் விற்பனைக்கு வந்து, அதே வருடம் எக்வடோருக்குக் கப்பலும் ஏறிவிட்டது. கடன் வாங்கிய மூளை என்று கேலி செய்யலாம்தான். ஆனால் இன்ஜினுக்காக மிட்சுபிஷி வாசலில் நின்றது அவர்களுக்கே உறுத்தியிருக்கிறது. 1991இல் ஆல்ஃபா என்ற சொந்த இன்ஜினைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் சிரிப்பாய்ச் சிரித்தார்களாமே?

ஆமாம். ஆனால் முதலில் வரிசையில் நின்று வாங்கினார்கள், அப்புறம்தான் சிரித்தார்கள். 1986இல் எக்ஸல் என்ற சின்ன கார் 4,995 டாலருக்கு இறங்கியது. புதுக் கார் அந்த விலைக்கா என்று ஜனங்கள் பாய்ந்தார்கள். முதல் வருடமே 1,68,000க்கும் மேல் விற்றது. அதுவரை எந்த வெளிநாட்டுக் கம்பெனியும் முதல் வருடத்தில் அவ்வளவு விற்றதில்லை.

இரண்டு மூன்று வருடம் ஓடியதும் சாயம் வெளுத்தது. துரு, இன்ஜின் கோளாறு, திரும்ப விற்கப் போனால் கேட்பாரில்லை. இரவு நேர டிவி நிகழ்ச்சிகளில் ஹூண்டாய் என்ற சொல்லே ஜோக் ஆகிவிட்டது. பெட்ரோல் நிரப்பினால் வண்டியின் மதிப்பு இரண்டு மடங்காகும் என்கிற வகை ஜோக்குகள். கனடாவில் கியூபெக் பக்கம் புரோமோன்ட் என்ற ஊரில் 1989இல் திறந்த தொழிற்சாலையை 1993இலேயே இழுத்து மூட வேண்டியதாயிற்று. 1998இல் அமெரிக்க விற்பனை 90,000 அளவுக்கு இறங்கியிருந்தது.

அந்தக் காலத்தில் எக்ஸல் வாங்கி நொந்தவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னார்கள். ஒரு கெட்ட வண்டி பத்து வருடம் பேர் சொல்லும்.

அப்புறம் எப்படி மீண்டார்கள்?

வாரன்டி. 1998 கடைசியில் அமெரிக்காவில் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் 10 வருடம் அல்லது 1,00,000 மைல் என்று அறிவித்தார்கள். பைத்தியமா என்று போட்டிக் கம்பெனிகள் கேட்டன. என் பார்வையில் இது விளம்பர உத்தி மட்டும் இல்லை, தன் கழுத்தில் தானே போட்டுக்கொண்ட கயிறு. வண்டி கெட்டால் செலவு கம்பெனி தலையில். அப்படியானால் கெடாத வண்டி செய்தே தீர வேண்டும்.

இதே சமயத்தில்தான் நிறுவனரின் மகன் சங் மாங்-கு கார் கம்பெனியின் தலைமைக்கு வந்தார். அவர் முன்னால் நடத்தியது வண்டி சர்வீஸ் செய்யும் பிரிவு. எந்த வண்டி எதற்காகத் திரும்பி வருகிறது என்று வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த ஆள். வந்ததும் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவைப் பல மடங்கு பெரிதாக்கினார். புது வண்டி வாங்கியவர்களின் குறைகளை வைத்து ஜே.டி. பவர் எடுக்கும் கணக்கெடுப்பில் 2004இல் டொயோட்டாவுக்கு அடுத்து ஹோண்டாவோடு சேர்ந்து இரண்டாம் இடம். ஆறே வருடம்! (அவரை உத்தமர் என்று சொல்ல வரவில்லை. கம்பெனிப் பணத்தைக் கையாடிய வழக்கில் 2007இல் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் சிறை நிறுத்திவைக்கப்பட்டு, அடுத்த வருடம் மன்னிப்பும் வாங்கியவர்.)

2009இல் இன்னொன்று செய்தார்கள். அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்து ஆளாளுக்கு வேலை போய்க்கொண்டிருந்த நேரம். வண்டி வாங்கி ஒரு வருடத்துக்குள் வேலை போனால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார்கள். திருப்பிக் கொடுத்தவர்கள் சில நூறு பேர்தான், ஆனால் சந்தை மொத்தமும் சரிந்த அந்த வருடத்தில் இவர்கள் விற்பனை ஏறியது. பயந்து நிற்பவனிடம் விலைக் குறைப்பைப் பேசாமல் பயத்தைப் பற்றியே பேசியது கெட்டிக்காரத்தனம்தான்.

கியாவும் ஹூண்டாயும் ஒன்றா?

ஒரே வீட்டு இரண்டு பிள்ளைகள். 1997 ஆசிய நெருக்கடியில் கியா திவாலாக, 1998இல் ஹூண்டாய் அதன் பெரும்பங்கை வாங்கியது. இன்ஜின், கியர் பாக்ஸ், அடித்தளம் பெரும்பாலும் பொது. ஹூண்டாயின் கிரெட்டாவும் கியாவின் செல்டோஸும் உள்ளே நெருங்கிய உறவு. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 2022இலிருந்து டொயோட்டா, ஃபோக்ஸ்வாகனுக்கு அடுத்து உலகில் மூன்றாம் இடம். கியா தொழிற்சாலை ஆந்திராவில் பெனுகொண்டா பக்கம், 2019இலிருந்து ஓடுகிறது.

சென்னைக்கு ஏன் வந்தார்கள்?

1996 மே மாதம் இந்தியக் கம்பெனியைப் பதிவு செய்தார்கள். அப்போது வந்த வெளிநாட்டுக்காரர்கள் பலரும் உள்ளூர்க் கூட்டாளியோடு வந்தார்கள், இவர்கள் முழுக்கச் சொந்தமாகவே இறங்கினார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 500 ஏக்கருக்கும் மேல் இடம், பக்கத்தில் துறைமுகம், ஏற்கெனவே வண்டிப் பாகம் செய்து பழகிய ஊர். கூடவே கொரிய உதிரிபாகக் கம்பெனிகளும் வந்து இறங்கின. இன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் கொரிய எழுத்தில் ஹோட்டல் போர்டு தொங்குவது சாதாரணம். அந்த ரோட்டில் ஷிஃப்ட் பஸ்களுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாத ஆள் யாரும் இருக்க முடியாது.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்றும் சொல்ல முடியாது. 2009, 2010 வாக்கில் சங்க அங்கீகாரம் கேட்டும் வேலையைவிட்டு நீக்கியவர்களைத் திரும்ப எடுக்கச் சொல்லியும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வளர்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

சான்ட்ரோ ஏன் அப்படி ஓடியது?

1998 செப்டம்பரில் வந்தது. பார்க்க டப்பா மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அந்த உயரம்தான் அதைக் காப்பாற்றியது. மாருதி 800இல் குனிந்து மடங்கி உட்கார்ந்து பழகியவர்களுக்கு, பட்டுப்புடவையோடு அப்படியே ஏறி உட்காரும் வண்டி கிடைத்தது. முட்டிவலிக்கார மாமியார்கள் ஓட்டுப் போட்ட வண்டி அது என்பேன். 999 சிசி இன்ஜின், கார்புரேட்டர் இல்லாமல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பெட்ரோல் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ, கொஞ்சம் கூடுதல் காசு போட்டால் பவர் ஸ்டீயரிங். கொரியப் பெயரை யாருக்கும் தெரியாத நேரத்தில் விளம்பரத்தில் ஷாருக் கானை நிறுத்தினார்கள். ஏசி போட்டால் நாலு நிமிஷத்தில் உள்ளே மார்கழி. இன்றைக்கும் ஹூண்டாய் என்றதும் ஏசி நல்லா இருக்கும் என்று ஜனங்கள் சொல்வது அங்கே தொடங்கியதுதான்.

2014 கடைசியில் நிறுத்தினார்கள். 2018இல் அதே பெயரில் ஒன்று வந்து நாலு வருடத்தில் போய்விட்டது. பெயரை மட்டும் திரும்பக் கொண்டுவந்தால் போதாது போலிருக்கிறது.

சரி, வைத்திருப்பவர்கள் என்னதான் சொல்கிறார்கள்?

நான் கேட்ட வரையில், ஆளைப் பொறுத்து மூன்று விதமாக வரும்.

குடும்பத்துக்கு வாங்கியவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஸ்டீயரிங் லேசு, கிளட்ச் லேசு, உள்ளே உட்கார்ந்தால் விலைக்கு மேல் பணக்காரத்தனம் தெரியும், பார்ட்ஸ் எந்த ஊரிலும் கிடைக்கும், விற்கப் போனால் மூன்றே நாளில் ஆள் வரும். கிரெட்டா 2015இல் வந்ததிலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது என்றால் அது இவர்களால்தான்.

ஹைவேயில் விரட்டி ஓட்டுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அதே லேசான ஸ்டீயரிங் நூறைத் தாண்டினால் அவர்களுக்கு நம்பிக்கை தருவதில்லை. பழைய ஐ20, பழைய வெர்னாவில் பின்பக்கம் மிதக்கிற மாதிரி இருக்கும் என்ற புகார் ரொம்ப நாளாக உண்டு. இப்போது வரும் வண்டிகளில் இது நிறையவே தேறியிருக்கிறது. ஆனாலும் ஓட்டும் சுகத்துக்காக யாராவது வண்டி தேடினால் முதலில் வேறு ஒன்றிரண்டை ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். இதில் மைத்துனர் என் கட்சி.

மூன்றாவது கூட்டம், டர்போ பெட்ரோலில் டிசிடி கியர் வாங்கியவர்கள். காலி ரோட்டில் சொர்க்கம் என்பார்கள், கிண்டி பாலத்தில் மாலை ஆறு மணிக்கு வேறு சொல்வார்கள். அது எண்ணெயில் முங்காத இரண்டு கிளட்ச் வைத்த கியர் பாக்ஸ். ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளட்ச் பாதி பிடித்தபடியே தேய்ந்து சூடாகும், சில சமயம் எச்சரிக்கையும் வரும். ஹூண்டாய் என்று இல்லை, இந்த வகைக் கியர் பாக்ஸின் சுபாவமே இதுதான். மேட்டில் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், பிரேக்கைப் போடுங்கள். தினமும் நகர நெரிசல்தான் என்றால் கிரெட்டாவில் சாதா 1.5 பெட்ரோலோடு வரும் ஐவிடி என்ற ஆட்டோமேட்டிக் கியர், இல்லையென்றால் டீசல் ஆட்டோமேட்டிக். டீசல் என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: தினமும் நாலு கிலோமீட்டர் பள்ளிக்கூடம், கடை என்று மட்டும் ஓட்டினால் புகை வடிகட்டி அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். வாரத்துக்கு ஒரு முறையாவது ஹைவேயில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும்.

பாடி தகரமாமே? பாதுகாப்பு?

கதவைத் தட்டிப் பார்த்து 'டங்'கென்றால் தகரம், 'டொப்'பென்றால் இரும்பு என்று சொல்லும் பெரியவர்களுக்கு: மோதலில் உயிர் காப்பது கதவுத் தகட்டின் கனம் இல்லை, அதற்குள் இருக்கும் கூண்டு. அதை மோதிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பார்த்தவர்கள் சொன்னது பெருமைப்படும்படி இல்லை. 2014இல் வண்டிகளை மோதிப் பார்த்து ஸ்டார் போடும் குளோபல் என்கேப் அமைப்பு சோதித்த ஏர்பேக் இல்லாத ஐ10க்கு முட்டை, சைபர் ஸ்டார். (அன்று சோதித்த ஆல்டோ, நானோ, ஃபிகோ, போலோவின் அடிப்படை மாடல்களுக்கும் அதேதான்.) 2022இல் கிரெட்டாவுக்கு மூன்று ஸ்டார். அதே கம்பெனி ஐரோப்பாவில் ஐந்து ஸ்டார் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது, செய்யத் தெரியாமல் இல்லை. நாம் கேட்கவில்லை, அவர்கள் கொடுக்கவில்லை. டாடாவும் மஹிந்திராவும் ஸ்டாரைக் காட்டி விற்க ஆரம்பித்த பிறகுதான் இவர்கள் அசைந்தார்கள். 2023இல் வெர்னா ஐந்து ஸ்டார் வாங்கியது, அதே அக்டோபரில் எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக் என்று அறிவித்தார்கள். நல்லதுதான், தாமதமாக வந்த நல்லது. பழைய வண்டி வாங்குபவர்கள் இந்த வருடக் கணக்கை மனதில் வையுங்கள்.

அமெரிக்காவில் இன்ஜின் வெடித்தது, வண்டி திருடு போனது என்றெல்லாம் படித்தேனே?

இரண்டு தனிக்கதைகள், இரண்டுமே நிஜம்.

இன்ஜின் கதை: தீட்டா 2 என்ற பெரிய பெட்ரோல் இன்ஜினில், கிராங்க் ஷாஃப்ட்டைக் கடையும்போது வந்த உலோகத் துகள் எண்ணெய் வழியில் தங்கி, பேரிங்குக்கு எண்ணெய் போகாமல் இன்ஜின் இறுகிவிடும், சிலவற்றில் தீயும் பிடித்தது. 2015இலிருந்து அடுத்தடுத்துத் திரும்ப அழைத்தார்கள். போதுமான அளவு அழைக்கவில்லை என்று உள்ளிருந்தே கிம் குவாங்-ஹோ என்ற இன்ஜினியர் அமெரிக்க அரசிடம் போய்ச் சொன்னார். 2020இல் ஹூண்டாய், கியா இரண்டுக்கும் சேர்த்து 21 கோடி டாலர் அபராதப் பொறுப்பு, அடுத்த வருடம் அந்த இன்ஜினியருக்கு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி. நம் ஊரில் கூட்டம் கூட்டமாக ஓடும் ஐ10, ஐ20, கிரெட்டா இன்ஜின்கள் வேறு குடும்பம், பயப்பட வேண்டாம்.

திருட்டுக் கதை இன்னும் கடுப்பு. சாவியில் இருக்கும் சிப்பை அடையாளம் கண்டால்தான் வண்டி கிளம்ப வேண்டும். அந்தக் கருவி கனடாவில் சட்டப்படி கட்டாயம், அதனால் அங்கே போட்டார்கள். அமெரிக்காவில் கட்டாயம் இல்லை, அதனால் சாவி போட்டுத் திருகும் மாடல்கள் பலவற்றில் விட்டுவிட்டார்கள். யுஎஸ்பி வயர் முனையை வைத்துக் கிளப்பலாம் என்று 2022இல் பையன்கள் வீடியோ போட, ஊர் ஊராக வண்டிகள் காணாமல் போயின. சில டாலர் மிச்சம் பிடிக்கப் போய் 2023இல் ஓனர்கள் போட்ட வழக்கில் சுமார் 20 கோடி டாலருக்கு சமரசம். அந்த நாட்டு ஓனர்களிடம் இன்று கருத்துக் கேட்டால் வாரன்டியைப் புகழ்பவரும் இதைச் சொல்லித் திட்டுபவரும் பாதிப் பாதி இருப்பார்கள். எந்த வருட வண்டி என்று கேட்டால் அவர் எந்தப் பக்கம் என்று ஊகித்துவிடலாம்.

எலெக்ட்ரிக்கில் எப்படி?

உலக அளவில் பிரமாதம். ஐயானிக் 5 2022இலும், ஐயானிக் 6 2023இலும், கியா இவி9 2024இலும் உலகின் சிறந்த கார் விருது வாங்கின. அதற்கு முன்னால் பேட்டரி தீ பயத்தால் 2021இல் கோனா உள்ளிட்ட 80,000 வண்டிக்கு மேல் திரும்ப அழைத்ததும் இதே கம்பெனிதான். வீட்டில் சார்ஜ் பாயின்ட் போட இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிராண்ட் அப்புறம்.

செகண்ட் ஹேண்டில் எதைப் பார்க்க வேண்டும்?

சான்ட்ரோ, 1.1 ஐ10 இரண்டிலும் டைமிங் பெல்ட், அதாவது இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் ரப்பர் பட்டை. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள், பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். 1.2 கப்பா இன்ஜினில் அதற்குப் பதில் செயின், அந்தத் தலைவலி இல்லை. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள், போனதும் பேனட் சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். பள்ளத்தில் இறக்கி ஏற்றி, முன் சஸ்பென்ஷனில் லொடலொடவென்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். டாக்ஸியாக ஓடி வெள்ளை போர்டு மாற்றிய எக்ஸென்ட் (ஹூண்டாயின் சின்ன செடான்) நிறைய வரும், ஆர்சியில் பாருங்கள்.

சர்வீஸ் பில்லை மட்டும் வரி வரியாகப் படியுங்கள். எந்தப் பிராண்ட் வண்டியாக இருந்தாலும் இது பொருந்தும். ஒரு தடவை ஒரு ஒர்க்‌ஷாப்பில், பெயர் வேண்டாம், ஆயில் மாற்றப் போன எனக்கு ஏசி சுத்தம், இன்ஜின் கோட்டிங், இன்னும் ஏதோ வாசனை ஸ்ப்ரே வரைக்கும் எழுதி வைத்திருந்தார்கள். கேட்டதும் அடித்துவிட்டார்கள். கேட்காமல் போனவர்கள் எத்தனை பேரோ.

ஷேர் வாங்கலாமா?

அது என் துறை இல்லை. ஹூண்டாயின் இந்தியக் கம்பெனிப் பங்கு 2024 அக்டோபரில் முதன்முறையாக ஜனங்களுக்கு விற்பனைக்கு வந்தது, ஒரு பங்கு 1,960 ரூபாய் என்று மொத்தம் சுமார் 27,870 கோடி ரூபாய்க்கு. அதுவரை இந்தியாவில் வந்த முதல் பங்கு விற்பனைகளிலேயே பெரியது. அந்தப் பணம் முழுக்கக் கொரியத் தாய்க் கம்பெனிக்குப் போனது. முதல் நாளே விலை இறங்கியது. என் பணத்தை நான் ஐ20க்கு டயர் மாற்றச் செலவு பண்ணினேன்.

அடுத்து நீங்கள் என்ன வாங்குவீர்கள்?

இதைத்தான் கடைசியில் எல்லோரும் கேட்கிறார்கள். இந்த ஐ20 இன்னும் நாலைந்து வருடம் ஓடும். அதற்குப் பிறகு, வீட்டில் அம்மா ஏறி உட்கார முடிகிற உயரமாகப் பார்க்க வேண்டும், அவருக்கு இப்போதெல்லாம் முட்டி மடங்குவதில்லை. பழைய சான்ட்ரோவை ஏன்டா விற்றாய் என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.